கல்லாக் காசும் கைச்சீட்டும்

போன இதழில் போக்கர் என்ற சீட்டாட்டத்தின் டோர்னமெண்ட் பற்றி வந்த ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. எந்தக் கையை ஆடுவது, எதை ஃபோல்ட் செய்வது என்று கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோருக்கும் பணத்தைப் பற்றித்தான் சந்தேகம். நல்லதுதான். இந்த மாதம் முழுக்கப் பணக்கணக்கு. ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கிய பணத்தை ஆட்டக்காரர்கள் ‘பேங்க்ரோல்’ என்பார்கள்; நான் கைமுதல் என்றே எழுதுகிறேன். தேவகோட்டையில் எங்கள் அப்பா வைத்திருந்த மளிகைக்கடையில் அதற்கு அதுதான் பெயர்.

அக்கா, ஆட்டத்துக்கென்று 3,000 டாலர் தனியாக வைத்திருக்கிறேன். அட்லாண்டிக் சிட்டிக்குப் போய் மாதம் நாலு டோர்னமெண்ட், ஒவ்வொன்றும் 150 டாலர் என்று திட்டம். 20 பை-இன், அதாவது 20 ஆட்டத்துக்குக் கட்டும் பணம், கையில் இருந்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதுமா? (எடிசன், நியூ ஜெர்சி)

போதாது தம்பி.

அந்த 20 என்ற எண் கேஷ் கேமில் இருந்து வந்தது. அங்கே உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ் அப்படியே காசு. சரிப்படவில்லை என்றால் எழுந்து, மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிடலாம். டோர்னமெண்ட்டில் அது நடக்காது. 200 பேர் உட்கார்ந்தால் 30 பேருக்குப் பரிசு. அந்த 30 பேரிலும் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் போட்ட பணமும் மேலே கொஞ்சமும்தான் கிடைக்கும். கனமான தொகையெல்லாம் முதல் மூன்று நான்கு பேருக்குப் போய்விடும். ஆக, உங்கள் வருஷ லாபம் மொத்தமும் இரண்டு மூன்று ராத்திரிகளில் வந்தால் உண்டு. மற்ற ராத்திரிகளில் ஆறிப்போன காபியைக் குடித்துக்கொண்டு கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் வெறுங்கையோடு திரும்பி வர வேண்டியதுதான்.

நான் முப்பது வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில் சம்பளப் பட்டுவாடா பார்த்தவள். எண் இல்லாமல் பேச வராது. உங்களுக்காக ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 200 பேர் ஆட்டம், முதல் பரிசு 50 பை-இன். நீங்கள் கெட்டிக்காரர்: 100 ஆட்டத்தில் 18 தடவை பரிசு வரிசைக்குள் வருகிறீர்கள், எல்லாச் செலவும் போக 100 டாலருக்குச் சராசரியாக 30 டாலர் லாபம் பார்க்கிறீர்கள். ரொம்பத் தாராளமாகத்தான் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவருக்கே தொடர்ந்து 10 ஆட்டம் காலியாகப் போக ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. 500 ஆட்டம் ஆடினால், நடுவில் எங்காவது ஒரு தடவை 20 ஆட்டம் வரிசையாக வறண்டு போகும் என்று எதிர்பார்த்தே ஆக வேண்டும். மாதம் நாலு ஆடுகிற உங்களுக்கு அது ஐந்து மாதம். 100 ஆட்டம் முடிந்த பிறகும் நீங்கள் நஷ்டத்தில் நிற்கப் பத்தில் மூன்று வாய்ப்பு. இரண்டு வருஷம் நன்றாக ஆடிவிட்டு நஷ்டம்!

சரி, கைமுதலுக்கு வருவோம். இதே ஆள் 20 பை-இன்னோடு இறங்கினால் அது என்றாவது ஒருநாள் துடைத்துக்கொண்டு போக வாய்ப்பு பாதிக்கு மேல். 50 பை-இன் என்றால் ஐந்தில் ஒன்று. 100 என்றால் இருபதில் ஒன்று. இருநூறு பேர் ஆட்டத்துக்கே இப்படி. ஆயிரக்கணக்கில் ஆள் சேரும் ஆட்டம் என்றால் 100-ம் போதாது. நாற்பது ஐம்பது பேர் உட்காரும் உள்ளூர் ஆட்டம் என்றால் இவ்வளவு வேண்டியதில்லை. கைமுதல் எத்தனை பை-இன் என்பது ஆளைப் பொறுத்தது மட்டுமல்ல, கூட்டத்தைப் பொறுத்தது. இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இந்தக் கணக்கெல்லாம் லாபத்தில் ஆடுகிறவருக்கு. நீங்கள் அப்படிப்பட்டவரா என்று உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எழுத முடியாது என்றே நினைக்கிறேன். நோட்டுப் போட்டு ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்? நஷ்டத்தில் ஆடுகிறவருக்கு 20 பை-இன்னும் ஒன்றுதான், 200 பை-இன்னும் ஒன்றுதான். தேதிதான் தள்ளிப்போகும்.

உங்களுக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. நீங்கள் வேலையில் இருப்பவர். நான் சொன்ன 100 என்பது அந்தக் காசிலேயே சோறு தின்கிறவருக்கான எண். மாதம் 200 டாலர் சம்பளத்தில் இருந்து ஒதுக்கி, சபா சீசன் டிக்கெட் வாங்குகிற மாதிரி அதைச் செலவு என்று எழுதிவிட முடியுமானால் 50 பை-இன் போதும். 3,000 டாலருக்கு அப்படிப் பார்த்தால் 60 டாலர் ஆட்டம். ஆனால் சின்ன ஆட்டத்தில் கட்டணம் உறுத்தும். 60 டாலர் வாங்கிக்கொண்டு பரிசுக்கு 45 மட்டும் போடுகிற இடங்களில் நான் ஆடியிருக்கிறேன். நாலில் ஒரு பங்கு சூதாட்ட விடுதிக்கே போனால் எவ்வளவு கெட்டிக்காரரும் தேற மாட்டார். பலகையில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். உட்காருமுன் படியுங்கள்.

தோற்றாலும் மறுபடி பணம் கட்டி உட்காரவிடும் ரீ-என்ட்ரி ஆட்டத்தில் மூன்று தடவை பணம் கட்டினாலும் ஒரு டோர்னமெண்ட் என்றுதானே கணக்கு? (ஜெர்சி சிட்டி)

நோட்டில் மூன்று என்று எழுதுங்கள். ரீ-என்ட்ரி ஆட்டம் என்றால் உங்கள் சராசரி எத்தனை தடவை என்று பார்த்து, அந்தத் தொகையையே பை-இன் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 150 டாலர் ஆட்டத்தில் சராசரியாக இரண்டு தடவை இறங்குகிறவர் ஆடுவது 300 டாலர் ஆட்டம். அத்தோடு சுங்கம், பார்க்கிங், சாப்பாடு, டீலருக்கு வைக்கும் டிப்ஸ். கடலைப் பொட்டலம் கூட என் நோட்டில் உண்டு.

என் வீட்டுக்காரர் “இது பேங்க்ரோல் காசு, வீட்டுக் காசு இல்லை” என்கிறார். ஆனால் இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில்தான் இருக்கின்றன. போன மாதம் கார் இன்சூரன்ஸ் கட்டும்போது பணம் குறைந்தது. கேட்டால் கோபம் வருகிறது. நான் சந்தேகப் பிராணியா? (பெயர் வேண்டாம், பிஸ்கடவே)

இல்லை அம்மா.

எங்கள் அப்பா கடையில் கல்லாப்பெட்டி அவருடையது, பூட்டு அவருடையது, உள்ளே இருந்த காசும் அவருடையதுதான். ஆனாலும் வீட்டுக்குக் காய்கறி வாங்க ஐந்து ரூபாய் எடுத்தால் “வீட்டுக்கு 5” என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி உள்ளே போடுவார். அம்மா கேலி செய்வாள்: “உங்க கிட்டயே நீங்க கடன் சீட்டு வாங்கறீங்களா?” அவர் சிரிக்க மாட்டார். ராத்திரி கடை அடைத்ததும் சீட்டுகளைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட வருவார். பக்கத்துக் கடைக்காரர் எங்களைவிட நல்ல வியாபாரி, வாய்ச்சாலக்காரர். சீட்டு எழுத மாட்டார். முதலுக்கே மோசம் வந்து, கடைச் சாமான்களைப் பாதி விலைக்கு எங்கள் அப்பாவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரே கணக்கில் இருக்கும் பணத்துக்கு இரண்டு பெயர் வைத்தால் அது இரண்டாகிவிடாது. வீட்டுக்காரரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். வேறு வங்கிக் கணக்கு, அதில் ஒரு தடவை போடும் தொகை, அது காலியானால் எத்தனை மாதம் ஆடாமல் இருப்பார். மூன்றாவதற்கு அவர் பதில் சொல்லும் வேகத்திலேயே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். கிரெடிட் கார்டைத் தேய்த்து சூதாட்ட விடுதியில் ரொக்கம் எடுக்கிறாரா என்றும் பாருங்கள். அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளில் இருந்தே வட்டியும் ஓடும். 

நான் யோக்கியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 2016-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது இடத்தில் வந்து 6,400 டாலர் வாங்கினேன். தலை கால் புரியவில்லை. அடுத்த வாரமே 1,100 டாலர் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன். என் கைமுதலுக்கு அது எட்டாத உயரம். முதல் தடவை சீட்டு வந்தும் தோற்றேன்: கையில் இரண்டு ராஜா, எதிராளியிடம் ஏஸும் ராணியும், கடைசிச் சீட்டு ஏஸ். இரண்டாவது தடவை கோபத்தில் தோற்றேன். மூன்றாவது தடவை எப்படித் தோற்றேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. 3,300 டாலர். வீட்டில் “ஒரு தடவைதான் கட்டினேன்” என்று சொல்லிவிட்டேன். இவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து என் கோட்டுப் பையில் இருந்த மூன்று ரசீதுகளையும் எடுத்து, மடிப்பு நீக்கி, சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருந்தார். அன்றைக்குத்தான் நோட்டை மறைக்காமல் ஃப்ரிட்ஜ் மேலேயே வைப்பது என்று முடிவு செய்தேன். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

கேட்டாலே கோபம் வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது. காசு போனதை மறைக்கிறார், போனதைப் பிடிக்க மறுபடி போகிறார் என்று தெரிந்தால் அது கைமுதல் விஷயமே இல்லை. நம் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1-800-426-2537 என்று ஓர் உதவி எண் இருக்கிறது. அவர் அழைக்காவிட்டால் நீங்கள் அழைக்கலாம். வீட்டு மனிதர்களோடும் பேசுவார்கள்.

நான் கோவையில் கல்லூரியில் படிக்கிறேன் அக்கா. நண்பன் வெளிநாட்டு ஆன்லைன் தளம் ஒன்றில் கிரிப்டோ மூலம் பணம் போட்டு டோர்னமெண்ட் ஆடுகிறான். 5,000 ரூபாயில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. முதல் காரணம் சட்டம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடை அவற்றுக்குப் பொருந்தாது என்று சொன்னது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்கவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. அதில் குற்றவாளி ஆடுகிறவர் அல்ல, நடத்துகிறவர்தான். இருந்தாலும் நீங்கள் போடும் பணத்துக்கு யார் பொறுப்பு?

அந்தக் கேள்விதான் இரண்டாவது காரணம். 2011 ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களின் மேல் நடவடிக்கை எடுத்தது. அதில் ஃபுல் டில்ட் என்ற தளம் உலகம் முழுக்க ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி டாலர் என்று அரசு வழக்கறிஞர்கள் பின்னால் குற்றம் சாட்டினார்கள். அமெரிக்க ஆட்டக்காரர்கள் கைக்குப் பணம் வர ஆரம்பித்தது 2014-ல்தான். திரையில் எண் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கைமுதலை எப்படிக் காப்பது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர் அதே தளத்தின் முக்கியப் புள்ளியான கிறிஸ் ஃபெர்குசன். 2000-ல் உலகச் சாம்பியன். 2006-ல் ஒரு காசு கூடப் போடாமல், இலவச ஆட்டங்களில் இருந்து தொடங்கி, 10,000 டாலர் சேர்த்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார். ஒன்றரை வருஷம் போல ஆயிற்று, சேர்த்தும் காட்டினார். கேஷ் கேமில் கைமுதலில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, பெரிய டோர்னமெண்ட்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கட்டக் கூடாது என்பது அவர் விதி. 2 சதவீதம் என்றால் 50 பை-இன். விதி இன்றைக்கும் நல்ல விதிதான், தம்பி. பெட்டிதான் ஓட்டை.

ஆட்டம் பிடித்திருந்தால் விடுதி அறையில் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். 100 ஆட்டம் எழுதி வைத்துவிட்டு மறுபடி எனக்கு எழுதுங்கள்.

வாழ்க்கையில் ஒரு தடவையாவது லாஸ் வேகஸில் உலக போக்கர் தொடரின் பெரிய ஆட்டமான மெயின் ஈவென்ட் ஆடிவிட வேண்டும். 10,000 டாலர் சேர்த்துவிட்டேன். கைமுதல் விதிப்படி தப்பா? (டொரன்டோ)

விதிப்படி மகா தப்பு. 1972-ல் இருந்து அதற்கு 10,000 டாலர்தான் கட்டணம். 2024-ல் ஆடியவர்கள் 10,112 பேர், பரிசு வாங்கியவர்கள் 1,517 பேர், அதிலே மிகக் குறைந்த பரிசு 15,000 டாலர். 100 பை-இன் வேண்டும் என்றால் பத்து லட்சம் டாலர் கையில் இருக்க வேண்டும், இந்தக் கூட்டத்துக்கு அதுவும் போதாது. அங்கே உட்காருகிறவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? மற்றவர்கள் இரண்டு வழியில் வருகிறார்கள்.

ஒன்று சாட்டிலைட்: பெரிய ஆட்டத்தில் ஓர் இடத்தையே பரிசாகத் தரும் சின்ன ஆட்டம். 2003-ல் டென்னஸியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் 100 டாலருக்கும் குறைவான ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயித்து அதில் இடம் பிடித்தார், 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் வாங்கினார். இதைச் சொல்லித்தான் எல்லோரும் கிளம்புகிறார்கள். சாட்டிலைட்டில் தோற்ற காசையும் நோட்டில் ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று பங்கு விற்பது. மணிமேக்கரும் விற்றிருந்தார். நூற்றுக்குப் பத்துப் பங்கை 1,000 டாலருக்கு ஒருவர் வாங்கினால், நீங்கள் ஜெயிப்பதில் பத்தில் ஒன்று அவருக்கு. பேர் வாங்கிய ஆட்டக்காரர்கள் அதே பங்கை 1,200-க்கு விற்பார்கள். நீங்களும் நானும் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். மச்சானிடம் விற்றாலும் எழுதிக் கொடுங்கள், வரி யார் கட்டுவது என்பதையும் சேர்த்து.

ஸ்டூ அங்கரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதே ஆட்டத்தை 1980, 1981, 1997 என்று மூன்று தடவை ஜெயித்தவர். அவரைப் போல் சீட்டைப் படித்தவர் இல்லை என்பார்கள். 1997-ல் கட்டணம் கட்டக் கையில் காசில்லை. பில்லி பாக்ஸ்டர் 10,000 டாலர் கட்டி உட்கார வைத்தார். பத்து லட்சம் டாலர் பரிசை இருவரும் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நவம்பரில், 45 வயதில், லாஸ் வேகஸில் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். பையில் சில நூறு டாலர். போதைப் பழக்கம் ஒரு பக்கம், குதிரை, பந்தயம் என்று வந்ததையெல்லாம் வைத்துத் தோற்றது இன்னொரு பக்கம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 10,000 டாலரையும் இழந்துவிட்டுத் திரும்பி வந்து, “போய் ஆடிவிட்டு வந்தேன்” என்று சிரித்துக்கொண்டு சொல்ல முடியுமானால் போங்கள். அதை யாத்திரைச் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கைமுதல் நோட்டில் ஏற்றவேண்டாம். நானாக இருந்தால் எழுபது பங்கை விற்றுவிட்டு 3,000 டாலரோடு போவேன்.

ஜெயித்த பணத்துக்கு வரி போகக் கைமுதல் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? (பார்சிப்பனி)

அமெரிக்காவில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, 2026 வரி ஆண்டில் இருந்து சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். ஒரு வருஷத்தில் 40,000 ஜெயித்து 38,000 தோற்றவருக்கு நிஜ லாபம் 2,000. கழிக்க அனுமதி 34,200. ஆக வரி 5,800-க்கு. நிறைய ஆடி, கொஞ்சம் மிச்சம் பிடிக்கிற டோர்னமெண்ட் ஆட்டக்காரருக்குத்தான் இது அதிகம் வலிக்கும். அதுவும் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டித் தாக்கல் செய்கிறவருக்கு மட்டும். அப்படிக் காட்டாமல் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) எடுக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு நஷ்டமே கழியாது. இதை மாற்றச் சொல்லி மசோதாக்கள் வந்திருக்கின்றன, தாக்கலுக்கு முன் உங்கள் கணக்காளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பெரிய பரிசு வாங்கிய அன்றே மூன்றில் ஒரு பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவேன். ஏப்ரல் வரை அதைத் தொடுவதில்லை.

எல்லோருக்கும் சொல்கிறீர்களே அக்கா, உங்கள் கைமுதல் இப்போது எவ்வளவு? (ஊர் எழுதவில்லை)

கேட்டுவிட்டீர்கள், சரி. நோட்டை எடுத்து வந்து பார்த்தேன். 9,260 டாலர். ஒரு காலத்தில் 14,000-க்கு மேல் இருந்தது. அப்போது 150 டாலர் ஆட்டங்கள் ஆடினேன். 12,000-க்குக் கீழே இறங்கினால் 100 டாலர் ஆட்டம், 8,000-க்குக் கீழே போனால் 60 என்று அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறேன், தோற்ற ராத்திரியில் யோசித்து முடிவெடுக்கிற வேலை வேண்டாமே என்று. ஏறும்போது யாரும் கோடு போட்டு ஏறுவதில்லை, கால் தானாக ஏறும். இறங்குவதற்குத்தான் கோடு. முதல் தடவை 150-ல் இருந்து 100-க்கு இறங்கி வந்தபோது பழைய மேஜைத் தோழர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். உள்ளே போனால் அவர்களில் இரண்டு பேர் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியாக ஆடிய 17 ஆட்டத்தில் ஒன்றும் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை 100 டாலர் ஆட்டம் ஒன்று இருக்கிறது. போகிறேன்.